விழும் தூரம்

சோழவந்தான் வெற்றிலை மண்டியின் பின்கட்டில்
சிக்னல் எட்டாது.
கவுளிக் கட்டுகளுக்கு நடுவே நின்று
வியாபாரிகள் போனை வானத்துக்குத் தூக்கிக் காட்டுவார்கள்,
பணம் போய்விட்டதா, இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறதா என்று.
அதற்காகத்தான் கூப்பிட்டார் கணக்கர் சிக்கந்தர்.
கூரைமேல் ஒரு ஆக்சஸ் பாயிண்ட்.
"ஒரு வெள்ளை டப்பா. அரை மணி நேர வேலை,
ஒரு பொம்பளையும் ஒரு ஆளும் போதும்ல?"
பொம்பளை நான்தான்.

சித்திரை மதியம்.
நிழல்கள் அதனதன் காலடியில் சுருண்டு கிடந்தன.
கிழக்குச் சுவரோரம் போகும் உயரழுத்தக் கம்பிகளின் நிழலும்
நேர் கீழே,
புழுதியில் மூன்று கோடு.

குழாய் பதினைந்து அடி.
அதை வேனிலேயே விட்டுவிட்டு
நீளத்தை மட்டும் ஒரு நார்க்கயிற்றில் எடுத்துவந்தேன்.
சுவரடியில் ஒரு நுனியை ஒச்சப்பன் மிதித்துக்கொள்ள
மறுநுனியோடு நடந்தேன்.
கயிறு முதல் கோட்டைத் தாண்டியது.
இரண்டாவதையும்.

"நிமிர்த்தறப்ப கை நழுவுச்சுன்னா..." என்றேன்.
அவன் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
கருமாத்தூர்ப் பக்கம் அவன் பங்காளி ஒருவன்
கொடிக்கம்பம் நட்டதை முன்பே சொல்லியிருக்கிறான்:
பிடித்திருந்தவர்கள் நாலு பேர்.
விட்டுடுங்கடா என்று கத்த நேரம் இருந்ததாம்.
விடத்தான் விரல்கள் வரவில்லையாம்.

"மேற்கு மூலைக்குப் போயிரலாம்."
"வயர் இருபது மீட்டர் கூடுமே," சிக்கந்தர்.
"கூடும்."
"அதுக்கும் காசா?"
"அதுக்கும்."

கூரை ஆஸ்பெஸ்டாஸ்.
பார்க்கக் கல், மிதித்தால் அப்பளம்.
பலகை போட்டு, ஆணி வரிசைக்கு மேலாக,
இடுப்புப் பெல்ட்டின் கொக்கியை இரும்புச் சட்டத்தில் மாட்டி
ஒச்சப்பன் தவழ்ந்தான்.
முப்பத்தெட்டு வயது மனிதன், மீசை வேறு.
கீழே சுமைக்காரர்கள் சிரித்தார்கள்.
சிரிக்கட்டும்.

நான் குழி தோண்டினேன்.
கரி, உப்பு, செம்புக் கம்பி,
கட்டடத்தின் எர்த்தோடு ஒரு பிணைப்பு.
"காத்துல போற சாமானுக்கு எதுக்கும்மா மண்ணுல கம்பி?"
நல்ல கேள்விதான்.
"மின்னல் வந்தா வழி கேக்கும்ணே.
நாம சொல்லலைன்னா
உங்க கம்ப்யூட்டர்கிட்ட போய்க் கேக்கும்."
அவர் கணக்கு மேசையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

சுவர்த் துளைக்குள் நுழையுமுன்
வயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே வளைத்தேன்.
மழைத்தண்ணி சோம்பேறி,
இறங்கிய இடத்திலேயே சொட்டிவிடும்,
வளைவேறி உள்ளே வராது.

அப்போது சிறுமலைப் பக்கம்
யாரோ பீப்பாய் உருட்டினார்கள்.

"ரெண்டே ரெண்டு போல்ட்டு" என்றான் மேலிருந்து.
"இறங்கு."
"ரெண்டு நிமிசங்க்கா."
"ஒச்சப்பா, இறங்கு."

போல்ட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினான்.
மழை, பிறகு கல்மழை.
ஈர வெற்றிலை வாசனையில் எல்லோரும் ஒண்டி நின்றோம்.
மின்னல் எங்கேயும் விழவில்லை.
வைகைக்கு அந்தப்பக்கம் இரண்டு முறை வெளிச்சம் வந்து
போய்விட்டது.
அவன் என்னைப் பார்த்த பார்வையில்
இரண்டு போல்ட்டும் இருந்தன.

கடைசி முழக்கத்துக்குப் பின் அரை மணி எண்ணி
மீண்டும் ஏற்றினேன்.
ஆறரைக்கு நீலப் பொட்டு எரிந்தது.
பின்கட்டில் ஒரு ஸ்பீக்கர் டப்பா வாய் திறந்தது:
நூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது.
கிழவர் ஒருவர் போனைக் கீழே இறக்கினார்.

பில்லில் சிக்கந்தர் விரல் வைத்தார்.
"கம்பி, கரி, பலகை வாடகை, கூடுதல் வயர்...
இதெல்லாம் எதுக்குன்னு எழுதிக்க?"
யோசித்தேன்.
நடந்ததற்குத்தான் ரசீதில் பெயர் உண்டு.
"இதர செலவுன்னு எழுதிக்கங்க."

ரயில்வே கேட் டீக்கடையில்
ஒச்சப்பன் இன்னும் பேசவில்லை.
கிளாஸை எடுக்கக் குனிந்தபோது
டங்கென்று ஒரு சத்தம்.
பெல்ட்டைக் கழற்ற மறந்திருந்தான்.
கொக்கி பெஞ்சில் மாட்டிக்கொண்டு
எழ விடவில்லை.